அத்தைக்கு, பல்லின் எடை குறித்து

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அத்தை அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கம் சொல்லி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி இந்த மாதம் கொஞ்சம் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். மாமாவின் இருமல் நின்றுவிட்டதாக அம்மா சொன்னார், சந்தோஷம். இங்கே நாங்கள் மூவரும் நலம். அப்பாவின் முதுகும் தன்னால் முடிந்த அளவுக்கு நலம்.

முதலில் என் கண்ணில் பட்டது அப்பாவின் இடது செருப்பின் அடியில் ஒட்டியிருந்த ஒரு துண்டுக் காகிதம். ஒரு வியாழக்கிழமை மாலை, வாசலில் கிடந்த செருப்புகளை ஒழுங்காக எடுத்து வைக்கும்போது பார்த்தேன். பாதி கிழிந்து சேறு அப்பியிருந்தாலும் "வலியின்றிப் பல்" என்பதுவரை படிக்க முடிந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த காகிதம். சனி ஞாயிறுகளில் பல் மருத்துவமனை வாசலில் நின்று என் கையால் நாளுக்கு முந்நூறு பேருக்குக் கொடுக்கிறேன். ஆனால் அப்பா செவ்வாய், வியாழக்கிழமைகளில் முதுகுப் பயிற்சிக்குப் போகிறவர். பயிற்சி தரும் இடம் ஊருக்கு ஒரு கோடியில் இருக்கிறது, பல் மருத்துவமனை மறு கோடியில் இருக்கிறது. முதுகு வலிக்காரர் ஒருவர் இந்தக் கோடிக்குப் போகும் வழியில் அந்தக் கோடியை மிதித்துவிட்டு வர முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் செய்தபோது எடுத்தவள் நான்தான். "ஹலோ, ஹலோ, யாரது, வெறும் மூச்சு மட்டும் கேக்குது" என்றீர்களே, அந்த மூச்சு என்னுடையது. நீங்களும் உடனே கண்டுபிடித்துவிட்டீர்கள். "ஜாமீன் போட்டவ நான்தான்டி, இல்லேங்கல. அதுக்காக என் பென்ஷன்ல கை வெப்பேன்னு அந்தக் கடன்காரன் எழுதுவானா? இருபதாந்தேதி கெடு போட்டிருக்கான். என்னதான்டி நடக்குது உங்க வீட்ல? உங்கப்பன கூப்பிடு. இல்லேன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை நானே பெட்டியோட வந்து நிப்பேன்" என்றீர்கள். எனக்கு வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று நீங்கள் நினைத்திருந்தால் மன்னியுங்கள், கட் செய்தது நான். அப்பா சொன்னால் பாதியை மறைத்துவிடுவார், அம்மா சொன்னால் பாதியைச் சேர்த்துவிடுவார். அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதுகிறேன்.

அப்பா மரச்சாமான் கடைக்கு வேன் ஓட்டியதும், சொந்த வேன் வாங்கலாம் என்று கடன் எடுத்ததும், நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். வேன் வந்த மூன்றாம் மாதம், மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பீரோவை இறக்கும்போது அவர் முதுகு போனதும் தெரியும். பீரோவில் ஒரு கீறல்கூட விழவில்லை என்று இன்றும் வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்கிறார். வேனைப் பாதி விலைக்கு விற்றோம். மீதிக் கடன் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது, போகிற நாள் சொல்லாத விருந்தாளி மாதிரி. நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்போதுதான். அதற்கு அப்பாவின் முதுகுதான் காரணம் என்று எல்லாரும் வருத்தப்படுகிறார்கள். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள் என்பது என்னுடைய சொந்தக் காரணம், அதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

இப்போது எங்கள் வீடு நடக்கும் விதம் இது. வேலை செய்ய முடியாதவர்களுக்கான உதவித்தொகை அப்பாவுக்கு மாதாமாதம் வருகிறது. அது வந்த அன்றே கடன் தவணைக்குப் போய்விடும். அம்மா விடியற்காலையில் ஒரு வங்கியைக் கூட்டித் துடைக்கிறார், அது வாடகைக்கு. நான் சலவைக் கூடத்தில் ஓட்டல் படுக்கை விரிப்புகளை மடிக்கிறேன், அது சாப்பாட்டுக்கு. சனி ஞாயிறுகளில் பல், அது மற்ற எல்லாவற்றுக்கும். பல் என்றால் வேஷம், அத்தை. ஆளுயரக் கடைவாய்ப் பல். பஞ்சும் ரப்பரும் வைத்துத் தைத்தது, இரண்டு வேர்தான் இரண்டு கால். நெற்றியில் பெரிய கண்களும் கீழே ஒரு சிரிப்பும் வரைந்திருக்கும். அந்தச் சிரிப்பு வலைத்துணியில் செய்தது, உள்ளே இருப்பவர் அதன் வழியாகத்தான் வெளியே பார்க்க வேண்டும். இவ்வளவு கூச்சப்படுகிற பெண் எப்படித் தெருவில் நிற்கிறாள் என்று நீங்கள் அம்மாவிடம் கேட்டீர்களாம். பல்லுக்குள் போய்விட்டால் நான் அங்கே இல்லை, அத்தை. அதனால்தான் அந்த வேலையைத் தேர்ந்தெடுத்தேன்.

உதவித்தொகையில் ஒரு சட்டம் இருக்கிறது. வீட்டில் யாருக்கு எந்த வழியில் எது வந்தாலும் மாதக் கடைசிக்குள் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். மொத்தம் ஒரு எல்லையைத் தாண்டினால் தொகை குறையும். எழுதாமல் மறைத்தால் தொகை அடியோடு நிற்கும், அதுவரை வாங்கியதையும் திருப்பிக் கேட்பார்கள். இந்தப் படிவத்தை நிரப்புவது என் பொறுப்பு. அப்பாவுக்குப் படிவத்தைப் பார்த்தாலே முதுகு வலிக்கும், அம்மாவுக்குக் கோபம் வரும்.

அந்த வியாழக்கிழமை, காகிதத்தைச் செருப்பிலிருந்து பிய்த்துக்கொண்டு போய் அப்பா முன்னால் நீட்டினேன். எதுவும் கேட்கவில்லை, நீட்டினேன், அவ்வளவுதான். அப்பா அதைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மெதுவாகச் சொன்னார். "உங்கம்மா காதுல போட்டுடாத பாப்பா. உன்னைக் கூட்டிட்டு வர ஒரு நாள் வந்தேன்ல, அன்னைக்குப் பல் டாக்டர் கேட்டார். வார நாள்ல நிக்க ஆள் இல்லையாம். செவ்வாயும் வியாழனும் நாலு நாலு மணி நேரம். எவ்ளோ நாள்தான் சுவத்தைப் பாத்துக்கிட்டே படுத்திருக்கறது? உள்ள போய் நின்னா பஞ்சு சுத்தி இறுக்கிப் பிடிக்குது, முதுகு நேரா நிக்குது. நிஜமாத்தான் சொல்றேன்." பிறகு தலையணைக்கு அடியிலிருந்து சில நோட்டுகளை எடுத்து என் கையில் திணித்தார். "இதைத் தவணையில சேத்துக் கட்டிடு. சொல்லாத."

மறுநாள் வெள்ளிக்கிழமை அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மூன்று மாதமாக அம்மா மாலையில் நடைப்பயிற்சிக்குப் போவது உங்களுக்குத் தெரியும், நீங்கள்கூடப் பாராட்டினீர்கள். "உங்கம்மா எப்பிடி இளைச்சிட்டா பாத்தியா" என்று அப்பாவும் மெச்சிக்கொண்டே இருந்தார். அம்மா போனது நடக்க அல்ல. அடுத்த தெரு உடற்பயிற்சிக் கூடத்தைத் துடைக்க. மற்றவர்கள் ஓடும் யந்திரத்தைத் துடைத்துத் துடைத்துத்தான் இளைத்திருக்கிறார். கைக்குட்டையில் முடிந்த பணத்தை என்னிடம் கொடுத்து, "உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா மனசு விட்டுடுவார், என்னாலதானே இவ இப்பிடிக் கஷ்டப்படறான்னு அதையே நெனச்சிக்கிட்டுக் கெடப்பார். தவணையில போட்டுடு. நீதான் வாயே தொறக்க மாட்டியே, உன்கிட்ட சொன்னா கிணத்துல போட்ட மாதிரி" என்றார்.

நான் பேசாதவள் என்பதால் வீட்டில் எல்லாரும் என்னை இரும்புப் பெட்டியாக்கிவிட்டார்கள். அதற்குள் ஏற்கெனவே என்னுடைய ரகசியமும் இருந்தது. சலவைக் கூடத்தில் யந்திரம் கெட்டுவிட்டது, அதனால் தாமதம் என்று வாரத்தில் மூன்று நாள் நான் சொல்வது பொய். யந்திரம் நன்றாகத்தான் ஓடுகிறது. நான் கூடுதலாக இரண்டு மணி நேரம் மடிக்கிறேன். ஆக ஒரே கடனை மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அடைத்துக்கொண்டிருந்தோம். எல்லாரும் சொன்ன பொய்யும் உடம்புக்கு நல்ல பொய், என்னுடையதைத் தவிர.

மாதக் கடைசி வந்தது. படிவத்தை விரித்தேன். "வேறு வருமானம்" என்ற இடத்தில் மூன்றே கோடுகள் இருந்தன. கீழே, மேற்கண்டவை அனைத்தும் உண்மை, எதையும் மறைக்கவில்லை என்று அச்சடித்திருந்தது. மறைத்தால் தொகை நிற்கும். எழுதினால் அப்பாவுக்கு அம்மாவுடையதும் அம்மாவுக்கு அப்பாவுடையதும் தெரிந்துவிடுமோ என்று பயம். பிறகு யோசித்தேன். அவர்கள் சொல்லாதே என்றுதான் சொன்னார்கள், எழுதாதே என்று சொல்லவில்லை. படிவத்தை அவர்கள் படிப்பதும் இல்லை. அதனால் கூடவே நான்கு முழுத்தாள் இணைத்து எல்லாவற்றையும் எழுதினேன். பல்லாக நின்ற மணி நேரங்களை அப்பாவுக்குத் தனியாகவும் எனக்குத் தனியாகவும் எழுதினேன். உடற்பயிற்சிக் கூடத்தை எழுதினேன். கூடுதல் மடிப்பை எழுதினேன். எழுத ஆரம்பித்தபின் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை, அத்தை. யாரிடமாவது கேட்கலாம், ஆனால் கேட்பதற்குப் பேச வேண்டும். எனவே படுக்கை விரிப்புக்குள் கிடைத்த இரண்டு நாணயங்களை எழுதினேன். பல் டாக்டர் எங்களுக்குத் தந்த பிரஷ் இரண்டு, மதிப்புத் தெரியவில்லை என்று எழுதினேன். நீங்கள் எனக்கு அனுப்பிய ஸ்வெட்டரையும் எழுதிவிட்டேன். "புதியது என்று அப்பா சொல்கிறார், பழையது என்று அம்மா சொல்கிறார்" என்று இரண்டு கட்சியையும் குறித்திருக்கிறேன். இதில் நான் எந்தப் பக்கமும் சாயவில்லை.

பத்து நாள் கழித்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அன்று பார்த்து அம்மா அதைப் பிரித்தார். பிரித்ததோடு நில்லாமல், அப்பா படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று உரக்கப் படித்தார். விசாரணை முடியும்வரை உதவித்தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது. குடும்பத்தினர் மூவரும் திங்கட்கிழமை ஏழாம் கவுண்டருக்கு வரவும். விளக்க வேண்டியவை: ஒன்று, கணவர், பல். அம்மா அங்கே நிறுத்திவிட்டார்.

"பல்லா? என்ன பல்லு?"

"கடைவாய்ப் பல்லு" என்றார் அப்பா.

"அதைக் கேக்கலை நான். எட்டு மணி நேரம் பல்லா நின்னார்னு போட்டிருக்கு. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப மனுஷன்னுதானே சொன்னாங்க?"

"கீழ படி, கீழ படி. ரெண்டாவது என்ன போட்டிருக்கு?"

அம்மா இரண்டாவதைக் கண்ணால் படித்தார். வாயால் படிக்கவில்லை. அப்பா கையை நீட்டிக் கடிதத்தை வாங்கி, "மனைவி, உடற்பயிற்சிக் கூடம், துப்புரவு" என்று வாசித்தார். கடிதத்தை மடியில் வைத்தார். பிறகு, "அப்ப நடைப்பயிற்சி?" என்று கேட்டார்.

"போக வர நடந்துதானே போறேன்" என்றார் அம்மா.

மூன்றாவது என்னுடையது. அவர்கள் அதைப் படிப்பதற்கு முன் நான் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அழுதுகொண்டே திட்டிக்கொண்டிருந்தார், அப்பா சிரித்துக்கொண்டே முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் ஒரே குரலில், "எல்லாத்தையும் எழுதினியா?" என்று கேட்டார்கள். தலையை ஆட்டினேன். "ஸ்வெட்டரையுமா?" என்று அம்மா கேட்டார். அதற்கும் ஆட்டினேன்.

தொகை நின்றதால் அந்த மாதத் தவணை கட்ட முடியவில்லை. அதனால்தான் கடன்காரரின் கடிதம் ஜாமீன் போட்ட உங்கள் வீட்டுக்கு வந்தது. அதாவது, அத்தை, உங்கள் பென்ஷன்மேல் கை வைக்கும் அளவுக்குக் கொண்டுபோனது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, என்னுடைய நான்கு தாள்தான். உங்கள் போன் வந்தபோது எனக்கு வாய் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

திங்கட்கிழமை மூவரும் போனோம். ஏழாம் கவுண்டரில் இருந்த அம்மையாருக்கு நீண்ட முகம், மூக்கு நுனியில் கண்ணாடி. என் நான்கு தாளும் அவர் முன்னால் இருந்தன, ஓரங்களில் பச்சை மையில் கோடு போட்டிருந்தார். மணி நேரங்களைக் கூட்டினார், கழித்தார், இரண்டு முறை சரி பார்த்தார். பிறகு அப்பாவைக் கேட்டார்.

"வாரத்துக்குப் பத்து மணி நேரம் வரைக்கும் லேசான வேலை செஞ்சு பாக்கலாம், அதுக்கு அனுமதி இருக்கு. நீங்க எட்டுதான். ஆனா அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கறவருக்கு இந்த உதவித்தொகை கிடையாது. அந்தப் பல்லு எவ்ளோ எடை?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "என்னை ஏன் பாக்கறீங்க, நான் பல்லைப் பெத்தவளா?" என்றார். அப்பா, "தூக்கறது இல்லீங்கம்மா, போட்டுக்கறது" என்றார். "போட்டுக்கறதுக்கும் எடை உண்டு சார்" என்றார் அம்மையார். "எடை தெரியாம என்னால ஒண்ணும் எழுத முடியாது. பதினெட்டாந்தேதிக்குள்ள தெரியணும். அதுக்கப்புறம் கோப்பு மேல போயிடும், மேல போனா திரும்பி வர மூணு மாசம்." நீங்கள் சொன்ன இருபதாம் தேதி எனக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பல்லை அங்கே இருந்த எல்லாரையும்விட அதிகம் சுமந்தவள் நான்தான். லேசாகத்தான் இருக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தேன், மூச்சுதான் வந்தது. "இந்தப் பொண்ணு ஏதோ சொல்ல வருதா?" என்று அம்மையார் கேட்டார். "இல்லீங்க, அவ அப்பிடித்தான்" என்றார் அப்பா.

மறுநாள் பல் மருத்துவமனைக்குப் போய் ஒரு சீட்டில் எழுதிக் காட்டிப் பல்லைக் கேட்டேன். பல் டாக்டர் படித்துவிட்டு, "எடை பாக்கவா? நாப்பது வருஷத்துல ஒருத்தரும் இதுக்காகப் பல்லைக் கேட்டதில்லை. மத்தியானத்துக்குள்ள கொண்டாந்துடு" என்றார். பல்லைக் கட்டி எடுத்துப் போகப் பெரிய பை எதுவும் இல்லை. கையில் தூக்கினால் வழி தெரியாது. எனவே போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர், "உக்காந்தா ரெண்டு டிக்கெட், நின்னா ஒண்ணு" என்றார். நின்றேன். பின்சீட்டில் இருந்த ஒருவர் தன் வாயைத் திறந்து ஒரு பல்லைக் காட்டி, இதை எடுத்துவிடலாமா என்று கேட்டார். டாக்டர் ஒன்பது மணியிலிருந்து இருப்பார் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, நான் பதில் சொல்லியிருக்கிறேன் என்று.

அலுவலகத்தில் காவலாளி வேர் இரண்டையும் தட்டித் தட்டிச் சோதித்துவிட்டு உள்ளே விட்டார். வரிசை எண் எழுபத்திரண்டு. நாற்காலியில் உட்கார முடியாது, தூணில் சாய்ந்து நின்றேன். என் எண் வந்தபோது ஏழாம் கவுண்டர் அம்மையார் நிமிர்ந்து பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அம்மா, நேத்து நீங்க எடை கேட்ட பல்லு இதுதான்" என்றேன், சிரிப்புக்குள்ளிருந்து. "தூக்கிட்டு வர முடியலை, அதனால போட்டுட்டு வந்தேன். எங்கப்பாவும் இப்பிடித்தான் போட்டுக்கறார். நின்ன எடத்துலயே நிப்பார். நடக்கறதுகூட இல்ல. கைய மட்டும் ஆட்டுவார். எங்க வீட்ல யாரும் மறைக்கணும்னு மறைக்கலைம்மா. கடன் சீக்கிரம் முடியட்டும்னு ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் செஞ்சாங்க. தொகை நின்னதால அத்தையோட பென்ஷனைப் பிடிக்கறேன்னு கடிதம் போயிருக்கு. அத்தை பாவம், அவங்க வெறும் கையெழுத்துதான் போட்டாங்க."

இவ்வளவையும் நான்தான் சொன்னேன், அத்தை. ஒரே மூச்சில் சொன்னேன். எனக்குப் பின்னால் வரிசையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அம்மையார் கொஞ்ச நேரம் பல்லின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை வரைந்த கண்கள், என் கண்கள் கீழே சிரிப்பில் இருந்தன. அவருக்கு அது தெரியாது. பிறகு, "கழட்டும்மா" என்றார்.

கழற்றினால் நான் வெளியே வந்துவிடுவேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் எடை பார்க்க வேறு வழி இல்லை. கழற்றினேன். தபால் பிரிவில் பார்சல் நிறுக்கும் தராசு இருந்தது. தபால் பிரிவுக்காரர் பல்லைத் தலைகீழாக நிறுத்தினார், அது சாய்ந்தது. படுக்க வைத்தார், உருண்டது. கடைசியில் நான் ஒரு வேரையும் அவர் ஒரு வேரையும் தொட்டும் தொடாமலும் பிடித்துக்கொண்டோம். மூன்று கிலோ இருநூறு கிராம். அம்மையார் வந்து தாமே குனிந்து முள்ளைப் பார்த்துவிட்டு, பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"எல்லாத்தையும் நீங்களே முன்வந்து எழுதிக் குடுத்திருக்கீங்க, அதனால அபராதம் கிடையாது. நிறுத்தின தொகை நாளைக்கே வந்துடும். ஆனா கேட்டுக்க, எல்லையைத் தொட்டுக்கிட்டு நிக்கறீங்க. இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் கூடினாலும் தாண்டிடும். அப்புறம்..." என்று குரலைத் தாழ்த்தினார். "பத்தொம்பது வருஷமா இங்க உக்காந்திருக்கேன், யாரும் உண்மையை இவ்ளோ நீளமா எழுதிக் குடுத்ததில்ல. அடுத்த மாசம் பிரஷ்ஷெல்லாம் எழுத வேண்டாம். ஸ்வெட்டரும் வேண்டாம்." எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் "சரிங்கம்மா" என்று பாதி சத்தம் வந்தது.

சொன்னபடியே மறுநாள் தொகை வந்தது. பதினெட்டாம் தேதியே தவணையைக் கட்டிவிட்டோம். ரசீதின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் பென்ஷனை யாரும் தொட மாட்டார்கள், நிம்மதியாக இருங்கள்.

அன்று மாலை மூவரும் உட்கார்ந்து பேசி எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துவிட்டோம். அப்பா பல்லில் எட்டு மணி நேரம், அதற்குமேல் ஒரு நிமிடமும் இல்லை. அம்மாவுக்கு உடற்பயிற்சிக் கூடம் உண்டு, நடைப்பயிற்சி கிடையாது. நான் கூடுதல் மடிப்பை விட்டுவிடுகிறேன், சனி ஞாயிறு பல் மட்டும். எல்லைக்குக் கீழே ஒரு மயிரிழையில் நிற்கிறோம். இப்படியே போனால் கடன் பத்தொன்பது மாதத்தில் முடிகிறது. இனி யாரும் யாருக்கும் தெரியாமல் எந்த வேலைக்கும் போவதில்லை என்று அப்பாவும் அம்மாவும் என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறார்கள், நானும் என் தலையில் நானே கை வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு மட்டும் பல் விஷயத்தில் இன்னும் மனம் ஆறவில்லை. "வேற எதுவானாலும் செய்யுங்க, அந்தப் பல்லை மட்டும் என் கண்ணுல காட்டாதீங்க. தெரிஞ்சவங்க பாத்தா மானம் போயிடும்" என்று தினமும் ஒரு முறையாவது சொல்கிறார். எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டதால் இந்த வருடம் முழுக்க நான் அந்த அலுவலகத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. அதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உங்களால் ஊகிக்க முடியும்.

எனவே நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு கிளம்பி வந்து கடன்காரரிடம் இரண்டில் ஒன்று பார்க்க வேண்டியதில்லை. மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் உங்களைச் சிரமப்படுத்தாமல் நீண்ட நாள் நடக்க வைக்கட்டும். உங்கள் கையெழுத்துக்கு எங்களால் இனி ஒரு குறையும் வராது. அந்த ஸ்வெட்டர் புதியதா பழையதா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள், வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

என்றும் உங்கள் ஆசியை வேண்டும்,
தம்பி மகள்

பின்குறிப்பு: அத்தை, மேலே எழுதியதில் நலம் விசாரித்ததையும் ரசீதையும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் ரத்து செய்துவிடுங்கள். இந்தக் கடிதத்தை ஒட்டித் தபாலில் போட இன்று காலை கிளம்பும்போது பல் டாக்டரே வீட்டுக்கு வந்துவிட்டார். அலுவலகத்தில் வரிசையில் நின்றிருந்தவர்களில் பதினொரு பேர், "கவுண்டர்ல பேசின பல்லு எங்க?" என்று கேட்டுக்கொண்டு அவரிடம் பல் காட்ட வந்தார்களாம். அதனால் இரண்டாவதாக ஒரு பல் தைக்கக் கொடுத்துவிட்டார். வாசலின் இரண்டு பக்கமும் நிற்க வேண்டுமாம், தினமும், இரண்டு மடங்கு கூலியாம். அப்பா என்னைப் பார்த்தார். நான் எல்லையை நினைத்துத் தரையைப் பார்த்தேன். சமையலறையிலிருந்து அம்மா, "டாக்டர், அதுக்கு என் உயரம் சரியா வருமா?" என்று கேட்டார். உயரத்தைச் சுவரில் கோடு போட்டு அளந்தும் கொடுத்துவிட்டார். உடற்பயிற்சிக் கூடத்துக்கு வர மாட்டேன் என்று அம்மா சொல்லி அனுப்பி ஒரு மணி நேரம் ஆகிறது. "முகம்தான் தெரியாதே, அப்புறம் என்ன மானம்" என்கிறார். அப்பாவுக்கு அதே எட்டு மணி நேரம்தான், ஆனால் அம்மாவின் இரண்டு மடங்கு கூலியால் எல்லையைத் தாண்டுகிறோம். உதவித்தொகை பாதியாகக் குறையும். ஆனாலும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கடன் பதினொரு மாதத்தில் முடிகிறது, மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். எல்லையைத் தாண்டும் வேலை என்றால், சேரும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது சட்டம். பல்லை அப்பா போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். அதனால் நான் இதை வெறும் நானாக, ஏழாம் கவுண்டருக்கு எதிரே உட்கார்ந்து எழுதுகிறேன். என் எண் நாற்பத்தொன்று. இப்போது நாற்பது நடக்கிறது. பேனாவை மூடிவிட்டு எழுகிறேன்.